அழித்த பதிவின் மீதிப் பாதி

பிரசன்னா, "அழிச்சிட்டியா? நான் பாதிதான் படிச்சேன். மீதியை அனுப்பு"ன்னு ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீ போட்ட மெசேஜுக்கு, இன்னைக்கு புதன்கிழமை வரைக்கும் நான் பதில் போடலை. போன் மட்டும் பண்ணிக்கிட்டே இருந்தேன், நீ எடுக்கலை. எடுக்காததும் நல்லதுதான். எடுத்திருந்தா என்ன நடந்திருக்கும்னு எனக்கே தெரியும். நீ ஒரு வார்த்தையை ஆரம்பிக்கிறதுக்குள்ள நான் அழுது, மூக்கைச் சிந்தி, "அம்மா வேணும்னு பண்ணுவேனாடா"ன்னு ஒரே மூச்சுல பேசி, கடைசியில உன்னையே என்னைச் சமாதானப்படுத்த வச்சிருப்பேன். அதனாலதான் எழுதுறேன். மீதிப் பாதியும் கீழே இருக்கு. ஆனா நேரா அங்கே போயிடாதே. நீ படிச்ச பாதியைவிட மோசம் அது. அதை ஏன் எழுதினேன், இருபது வருஷத்துக்கு மேல யாராலயும் படிக்க முடியாம கிடந்தது எப்படி ஒரே காலையில ரெண்டு வீட்டு ஜனங்க முன்னாடியும் வந்து விழுந்துச்சுன்னு முதல்ல சொல்லிடுறேன். சொல்லிட்டா நான் பண்ணினது நியாயமாயிடும்னு இல்லை. உனக்குத் தெரியணும், அவ்வளவுதான்.

உனக்கு அப்போ பத்து வயசு. கல்லுக்குழி ரயில்வே குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். உங்கப்பாவுக்குப் பொன்மலை ஒர்க்‌ஷாப்ல வேலை, எனக்குத் திருச்சி ஜங்ஷன் விசாரணை கவுண்டர்ல. எந்த ரயில், எந்த பிளாட்பாரம், ஏன் லேட்டுன்னு ஷிப்டு முழுக்கக் கேள்வி, நடுநடுவே மைக்கைப் பிடிச்சு அறிவிப்பு. எனக்கு வாய் ஓயாது. வீட்டுக்கு வந்தாலும் ஓயாது, அது உனக்கே தெரியும். அந்தச் சமயத்துலதான் ஜங்ஷன் எதிர்ல ஒரு பிரவுசிங் சென்டர் வந்துச்சு. கவுண்டருக்கு வர்ற ஜனங்களைப் பத்தி வேடிக்கையா நாலு வரி எழுதலாமேன்னு 'மூணாவது பிளாட்பாரம்'னு ஒரு வலைப்பூ ஆரம்பிச்சேன். கருஞ்சிவப்புப் பின்னணியில மஞ்சள் எழுத்து. மேலே 'நல்வரவு'ன்னு ஒரு வரி வலமிருந்து இடமா ஓடிக்கிட்டே இருக்கும். கீழே எத்தனை பேர் வந்தாங்கன்னு ஒரு மீட்டர். நான் தமிழ் டைப்ரைட்டிங்ல ஹையர் பாஸ் பண்ணினவ இல்லையா, மெஷின்ல இருந்த அதே வரிசையில அடிக்கிற மாதிரி ஒரு பழைய ஃபாண்ட் கிடைச்சதும் அதுலயே எழுதித் தள்ளினேன். அந்த ஃபாண்ட் இருக்கிற கம்ப்யூட்டர்ல பார்த்தா தமிழாத் தெரியும். இல்லாத கம்ப்யூட்டர்ல வெறும் இங்கிலீஷ் எழுத்துக் குப்பை. நான் 'அம்மா'ன்னு அடிச்சது அதுல 'mk;kh'ன்னு நிக்கும். போகப் போக அந்த ஃபாண்டை யாரும் வச்சுக்கலை. நானும் ஷிப்டு, உன் படிப்புன்னு எழுதுறதை விட்டுட்டேன். அறுபத்துமூணு பதிவும் குப்பையா மாறி அப்படியே கிடந்துச்சு.

ரிட்டயர் ஆகி ஸ்ரீரங்கத்துக்கு வந்ததும் என் வாய்க்கு வேலை போச்சு. அம்மா மண்டபம் ரோட்ல காய்கறிக்காரம்மாகிட்ட எவ்வளவு நேரம்தான் பேச முடியும்? உன் கல்யாணம் நிச்சயமானப்போ ஒரு ஆசை வந்துச்சு. உங்க பத்திரிகையை அந்தப் பழைய வலைப்பூவுலயே போடணும், அதைப் புதுசா, அழகா, போன்ல பார்த்தாலும் ஒழுங்காத் தெரியுற மாதிரி நானே கட்டணும்னு. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சென்டர்ல சேர்ந்தேன். சொல்லிக் கொடுக்கிற மேடம் பொறுமையானவங்க. முதல் வாரம் எழுத்தைத் தடிமனாக்குற 'டேக்'ங்கிற குறியைத் திறந்துட்டு மூட மறந்துட்டேன், அதுக்குக் கீழ இருந்த பக்கம் முழுக்க தடித்தடியா நின்னு என்னைத் திட்டுற மாதிரி இருந்துச்சு. 'மார்ஜின்'னா வெளியே விடுற இடம், 'பேடிங்'னா உள்ளே விடுற இடம்னு புரியவே எனக்கு நாலு நாள் ஆச்சு. கருஞ்சிவப்பைத் தூக்கினேன். ஓடுற நல்வரவைத் தூக்கினேன். உங்கப்பா வந்து எட்டிப் பார்த்துட்டு, "இப்பத்தான் கண்ணு கூசாம இருக்கு"ன்னார். எனக்குத் தலைகால் புரியலை. உனக்குக்கூட தினமும் போட்டோ எடுத்து அனுப்பினேனே, நீயும் "சூப்பர்மா"ன்னு போட்டியே.

அப்புறம்தான் அந்தக் குப்பை எழுத்தை மாத்தற வேலை வந்துச்சு. பழைய ஃபாண்ட்ல அடிச்சதை இப்ப எல்லாரும் படிக்கிற தமிழா மாத்த ஒரு வழி இருக்கு. ஒவ்வொரு பதிவா ஒட்டி ஒட்டி மாத்தலாம், இல்லைன்னா மொத்தத்தையும் ஒரே அமுக்குல மாத்தலாம். நான் ரெண்டே ரெண்டு பதிவை மாத்திப் பார்த்தேன். கவுண்டர்ல ஒருத்தர் "காவிரியில தண்ணி வருமா"ன்னு கேட்ட கதை ஒண்ணு, இன்னொண்ணு ஏதோ பலாப்பழக் கதை. நல்லா வந்துச்சு. மேடம் சொன்னாங்க, "மீதியையும் ஒவ்வொண்ணா படிச்சுப் பாருங்கம்மா, பழைய ஃபாண்ட்ல இருந்து மாத்தினா கொம்பெல்லாம் இடம் மாறி உக்காந்துக்கும்"னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் எழுதினதுதானே மேடம், எனக்குத் தெரியாதா?" என்ன திமிர் பாரு! ஒரே அமுக்கு. அறுபத்துமூணும் தமிழாயிடுச்சு. அதுல உன்னைப் பத்தி ஒண்ணு இருக்குங்கிறதே எனக்கு ஞாபகம் வரலை. இது சத்தியம். ஆனா மறந்தது எனக்கு மன்னிப்பு இல்லை. அதுதான் இன்னும் பெரிய தப்புன்னு இந்த நாலு நாள்ல தோணிப்போச்சு. உன்னால மறக்க முடியாததை நான் எழுதிப் போட்டு, கைதட்டல் வாங்கி, மறந்தும் போயிருக்கேன்.

அது போதாதுன்னு கெட்டிக்காரத்தனம் வேற. ஒவ்வொரு பதிவுக்குக் கீழேயும் 'இதையும் படிங்க'ன்னு ஒரு பெட்டி வைக்கக் கத்துக்கிட்டேன். மேலே இருக்கிற தலைப்புல என்ன பேர் இருக்கோ, அதே பேர் இருக்கிற பழைய பதிவைத் தானே தேடி எடுத்துக் காட்டும். அதை வேலை செய்ய வச்ச அன்னைக்கு நான் மேடத்துக்கு அல்வா வாங்கிட்டுப் போனேன். உன் பத்திரிகைப் பதிவுக்கு நான் வச்ச தலைப்பு 'பிரசன்னா – நிவேதா திருமணம்'. அதுக்குக் கீழே என் பெட்டி தேடி எடுத்தது 'பிரசன்னா போர்க்களம் போனான்'. நான் பத்திரிகைப் படம் நடுவுல நிக்குதான்னு பார்த்தேனே தவிர, கீழே தள்ளிப் பார்க்கலை.

ஞாயித்துக்கிழமை காலையில குளிச்சு, சாமி கும்பிட்டு, ரெண்டு வீட்டாரும் இருக்கிற கல்யாண குரூப்ல அந்த லிங்க்கைப் போட்டேன். "நானே செய்தது"ன்னு ஒரு வரி வேற. முதல்ல கை கூப்புற படமா வந்துச்சு, வாழ்த்தா வந்துச்சு, எனக்கு உச்சி குளிர்ந்துச்சு. அப்புறம் மணப்பாறையில இருக்கிற நிவேதாவோட பெரியப்பா சிரிச்சுக் கண்ணீர் விடுற மூஞ்சியா நாலு போட்டார். நான் பத்திரிகையில ஏதோ எழுத்துப் பிழைன்னு நினைச்சேன். அதுக்கடுத்து ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். மனுஷன் கெட்டவர் இல்லைடா, எதையும் கலகலப்பா எடுத்துக்கிறவர். "சம்பந்தியம்மா, என்னமா எழுதியிருக்கீங்க, கேளுங்க எல்லாரும்"னு ஆரம்பிச்சு, நான் எழுதினதை அப்படியே நடிச்சுப் படிச்சார். "ம… ம… ம…"ன்னு உன்னை மாதிரியே திக்கித் திக்கி. என் அடுப்பங்கரையில நின்னு நான் அதைக் கேட்டேன். அவர் ஒரு எழுத்துகூட மாத்தலை. எத்தனை 'ம' போட்டிருந்தேனோ அத்தனை 'ம'. அது முடியறதுக்குள்ள திரையில ஒரு வரி வந்துச்சு, பிரசன்னா வெளியேறினார்னு. நான் முதல்ல பண்ணினது அந்தப் பதிவை அழிச்சதுதான். உனக்குப் போன் பண்ணணும்னுகூட அப்புறம்தான் தோணுச்சு.

உங்கப்பா என் வலைப்பூவை என்னைக்குமே படிச்சதில்லை. ஞாயித்துக்கிழமைதான் அந்த வாய்ஸ் மெசேஜைக் கேட்டார். ரெண்டு தடவை கேட்டார். "என்னங்க, ஏதாவது சொல்லுங்களேன்"னேன். "நல்லாத்தான் எழுதியிருக்கே, அதான் கஷ்டமா இருக்கு"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "அன்னைக்கு மேடையில அவனுக்கு வார்த்தை வந்துடுச்சும்மா. 'மன்' வரைக்கும் வந்துடுச்சு. நீதான் முந்திட்டே"ன்னார். இருபது வருஷமா அதை மனசுல வச்சிருந்திருக்கார். ஏன் இத்தனை நாள் சொல்லலைன்னு கத்தினேன். "நீ எங்கே சொல்ல விட்டே?"ன்னார். பொய்யில்லை, நான் யாரையும் முழுசாப் பேச விட்டதே இல்லை. அவரையும் விடலை.

அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு உனக்கு நான் சொல்லணுமா? ஆனாலும் நான் எழுதினது ஒண்ணு, நடந்தது ஒண்ணு, அதனால சொல்றேன். ஸ்கூல் ஆண்டு விழா. நாடகத்துல நீ படைவீரன். உனக்கு ஒரே ஒரு வசனம். ஓடி வந்து, "மன்னா, பகைவர் கோட்டை வாசலுக்கு வந்துவிட்டார்கள்!" அவ்வளவுதான். வீட்ல ரெண்டு வாரம் பழகினே. நீ 'ம'வுல நிப்பே, நான் எடுத்துக் கொடுப்பேன், எடுத்துக் கொடுத்து எடுத்துக் கொடுத்து முழு வசனத்தையும் நானே சொல்லி முடிச்சிடுவேன். மேடையிலயும் நீ 'ம'வுல நின்னே. ஹால்ல நிசப்தம். எனக்குப் பொறுக்கலை. உக்காந்த இடத்துல இருந்தே, ஜங்ஷன் மைக்ல பேசற அதே குரல்ல, முழு வசனத்தையும் நான் சொல்லிட்டேன். ராஜா வேஷம் போட்ட பையன் என் பக்கம் திரும்பிப் பதில் சொன்னான். ஹாலே அதிர்ந்து சிரிச்சுது. நானும் சிரிச்சேன். நீ வாளைக் கையில பிடிச்சுக்கிட்டு என்னைப் பார்த்தே. அந்த வாரமே பிரவுசிங் சென்டருக்குப் போய் எழுதினேன், "பகைவர் வந்து, கோட்டையைப் பிடித்து, கொடியும் ஏற்றி, வரியும் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள், நம் வீரர் இன்னும் 'ம'விலேயே நின்றுகொண்டிருந்தார்"னு. நீ படிச்ச பாதி அதோட நின்னிருக்கும்னு நினைக்கிறேன்.

ஏன் எழுதினேன்னு நீ கேப்பே. வெக்கம்தான்டா, வேற ஒண்ணுமில்லை. கவுண்டர்ல என்கூட வேலை பார்த்த ஒருத்தி ஒருநாள், "மைக்ல வெளுத்து வாங்குறீங்க, உங்க பையனுக்குப் பேச்சே வரலையே"ன்னு கேட்டா. அது முள்ளா உள்ளே ஏறிடுச்சு. வேற யாராவது சிரிக்கிறதுக்கு முன்னாடி நானே சிரிச்சுட்டா வலிக்காதுன்னு ஒரு கணக்கு. உனக்கு வலிக்குமேன்னு அந்தக் கணக்குல வரவே இல்லை. அந்தப் பதிவுக்கு வந்த கமெண்ட் வேற எதுக்கும் வரலை. வெளிநாட்டுல இருந்தெல்லாம் வயிறு வலிக்கச் சிரிச்சோம்னு எழுதினாங்க. ஒருத்தர் மட்டும், "அக்கா, உங்க பையன் பெரியவனாகி இதைப் படிச்சா?"ன்னு கேட்டிருந்தார். அதுக்கு நான், "அவன் எழுத்துக்கூட்டி முடிக்கிறதுக்குள்ள எனக்குப் பேரனே பிறந்துடுவான்"னு பதில் போட்டிருக்கேன். வாய்க்கொழுப்பு. கேட்டவருக்கு இருந்த அக்கறை பெத்தவளுக்கு இல்லை. ரயில்வே ஆஸ்பத்திரியில அந்த டாக்டரம்மா அப்பவே தெளிவாச் சொன்னாங்க, "பையன் பேசும்போது வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீங்க, காத்திருங்க"ன்னு. வெளியே வந்ததும் நான் உங்கப்பாகிட்ட, "காத்திருக்க நேரமிருந்தா நான் ஏன் வேலைக்குப் போறேன்"னேன். நீயும் பக்கத்துல நின்னே.

நீ எப்படிப் பேசக் கத்துக்கிட்டேங்கிறதே இந்தத் திங்கக்கிழமை உங்கப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமையானா உங்கப்பாவும் நீயும் மீன் வாங்கப் போறோம்னு ஸ்கூட்டர்ல கிளம்பிப் போய் ரெண்டு மணி நேரம் கழிச்சு வருவீங்க. ஒரு கிலோ மத்தி வாங்க இவ்வளவு நேரமான்னு நான் கத்துவேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல உக்காந்து, வர்ற பஸ்ஸோட போர்டையெல்லாம் உன்னைச் சத்தமாப் படிக்கச் சொல்வாராமே? உறையூர் சுலபமா வருமாம், அரியமங்கலம் சுலபமா வருமாம், மணப்பாறை பஸ் வந்தா மட்டும் நீ அவர் கையைப் பிடிச்சுக்குவியாம். அது கிளம்பிப் போறதுக்குள்ள சொல்லணும்னு இல்லை, போனப்புறம்கூட சொல்லலாம்னு அவர் சொல்வாராம். என்னைக் கூட்டிட்டுப் போனா நான் சொல்லிடுவேன்னு ரெண்டு பேரும் என்கிட்ட மறைச்சிருக்கீங்க. கேட்டதும் கோபம் வந்துச்சு, பொறாமையாக்கூட இருந்துச்சு. அப்புறம் உக்காந்து அழுதேன்.

நேத்து நிவேதா போன் பண்ணினா. அவ என்னைக் குத்தம் சொல்லலை. "அத்தை, அவருக்குத் திக்கும்னு எனக்கு முதல் நாள்லயே தெரியும், அதைப் பத்தி எனக்கு ஒண்ணுமில்லை. பெரியப்பாகிட்டயும் நான் பேசிட்டேன், அவரும் ரொம்பச் சங்கடப்படுறார்"னா. அப்புறம் தயங்கித் தயங்கி, "சனிக்கிழமை உங்க வீட்டுக்கு வந்து, அங்கிருந்து சொந்தக்காரங்களுக்கெல்லாம் பத்திரிகை வைக்கிறதா இருந்தோம்ல, இப்ப வரலைங்கிறார். கல்யாணத்தை இங்கே பெங்களூர்லயே சிம்பிளா வச்சுக்கலாமான்னு கேக்கிறார்"னா. நான் "ஐயோ, மண்டபம்"னு ஆரம்பிச்சு நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். மண்டபமா முக்கியம்? "அவன் வேற என்னம்மா சொன்னான்?"னேன். "வெளியில யார் சிரிச்சாலும் தாங்கிட்டேன், வீட்ல சிரிக்கலைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்னு சொன்னார் அத்தை"ன்னா. முதல் தடவையா எனக்கு வார்த்தை வரலை பிரசன்னா.

நீ வருவியா மாட்டியாங்கிறதுதான் இப்ப இந்த வீட்ல ஒரே பேச்சு, அதையும் ரெண்டு பேரும் வாய்விட்டுப் பேசிக்கலை. உங்கப்பா காலண்டர்ல சனிக்கிழமையைப் பார்த்துட்டுப் பார்த்துட்டுப் போறார். நான் உன்னை வரச் சொல்லப் போறதில்லை. சொல்ற உரிமையை நானே கெடுத்துக்கிட்டேன். கல்யாணம் பண்ணிக்கப் போற பையனுக்கு அம்மா நாலு நல்ல வார்த்தை சொல்லுவா. எனக்குச் சொல்ல ஒண்ணுதான் இருக்கு, அதுவும் நான் செஞ்சதைச் செய்யாதேன்னுதான். நிவேதா ஒருநாள் எதையோ கொட்டிடுவா, எங்கேயோ தடுக்கி விழுவா, தப்பா ஒரு வார்த்தை சொல்லுவா. அதை நீ நாலு பேர்கிட்ட சொன்னா சிரிப்பாங்க, உனக்கும் நல்லா இருக்கும். வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் கேலி பண்ணிக்கோங்க, அவளும் சேர்ந்து சிரிச்சா சந்தோஷம். ஆனா அவ இல்லாத இடத்துல அவளை வச்சுக் கைதட்டல் வாங்காதே. அவ உனக்குக் காத்திருக்கிறவ, அது முன்னாடி நாம மூணு பேரும் சேர்ந்து போன்ல பேசினப்பவே தெரிஞ்சுது, நீ "ம்"னு இழுத்தா அவ மூச்சைக்கூட மெதுவா விடுறா. அவ பேசும்போது நீயும் அப்படியே இரு.

இனி மீதிப் பாதி. சைட்ல அழிச்சுட்டேனே தவிர, பழைய குப்பை எழுத்துல அடிச்சது என் கம்ப்யூட்டர்ல அப்படியேதான் இருந்துச்சு. அதையும் தூக்கிப் போட்டுட்டு, தொலைஞ்சு போச்சுடான்னு உன்கிட்ட சொல்லிடலாம்னு திங்கக்கிழமை பூரா யோசிச்சேன். அழிக்கவான்னு கம்ப்யூட்டர் கேட்டுது, விரல் பட்டன் மேலேயே இருந்துச்சு. அழிச்சிருந்தா நீ நம்பித்தான் ஆகணும், வேற வழியில்லை. அந்த எண்ணம் வந்ததையும் உன்கிட்ட மறைக்கலை. இந்தத் தடவை மாத்தற மெஷின்ல போடலை. திரையில ஒரு பக்கம் குப்பை எழுத்து, இன்னொரு பக்கம் வெள்ளைத்தாள், ஒவ்வொரு எழுத்தா பார்த்து நானே அடிச்சேன். 'gpurd;dh'ன்னு இருக்கிற இடமெல்லாம் உன் பேரு. ஒரு வார்த்தைகூட மாத்தலை, மென்மையாக்கலை. இதோ:

"போர்க்களத்திலிருந்து திரும்பிய மாவீரர் அன்று அன்னம் தண்ணீர் தொடவில்லை. பூரி சுட்டு, உருளைக்கிழங்கு மசாலாவோடு சமாதானத் தூது அனுப்பிப் பார்த்தேன். ம்ஹூம். ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒட்டு மீசை ஒரு பக்கம் பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் கழித்துத் திருவாய் மலர்ந்தார். 'அ… அ… அம்மா.' சொல்லுங்கள் தளபதியாரே என்றேன். 'நா… நாளைக்குப் புது டீச்சர் வ… வர்றாங்க. எல்லாரும் எழுந்து பே… பேர் சொல்லணும். நீ வந்து எ… என் பேரைச் சொல்றியா?' நமக்குக் காலை டியூட்டி இருக்கிறதே! 'அதுக்கு நான் எதுக்குடா வரணும்? ஜங்ஷன் மைக்கிலேயே சொல்லிடறேன், உங்க கிளாஸ் வரைக்கும்தான் கேக்குமே. பயணிகளின் கனிவான கவனத்திற்கு, நாலாவது பெஞ்சில் நிற்கும் பையனின் பெயர் பிரசன்னா!' என்றேன். மாவீரர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பிறகு படு சீரியஸாகக் கேட்டார், 'எ… எத்தனை மணிக்கு?' சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உங்களுக்கு?"

அவ்வளவுதான் பதிவு. அதுல எழுதாத ஒண்ணு இருக்கு. நீ எத்தனை மணிக்குன்னு கேட்டப்போ, நான் சிரிச்சுக்கிட்டே "ஒன்பது மணிக்கு"ன்னு சொன்னேன். நீ தலையை ஆட்டினே. மீசையைப் பிச்சு ஜன்னல்ல வச்சுட்டு வந்து, நாலு பூரி சாப்பிட்டே. மறுநாள் ஒன்பது மணிக்கு நான் மைக்ல என்ன சொன்னேன்னு எனக்கு ஞாபகம் இல்லை. ஏதாவது ஒரு ரயிலைப் பத்திச் சொல்லியிருப்பேன். உன்கிட்ட சொன்னது அப்போ என் ஞாபகத்துக்கே வரலை. நீ அன்னைக்கு ஸ்கூல்ல இருந்து வந்தப்புறம், டீச்சர் பேர் கேட்டாங்களா, நீ என்ன பண்ணினேன்னு நான் கேக்கலை. இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட கேக்கலை. இப்பக் கேக்குறேன். நீ பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்லை, ஆனா நான் கேட்டேன்னு இருக்கட்டும்.

கடைசியா ஒண்ணு. இந்தக் கடிதத்தை வலைப்பூவுலதான் எழுதியிருக்கேன், ஆனா வரைவா வச்சிருக்கேன், யார் கண்ணுக்கும் படாது. அன்னைக்கு உன் கதையை ஊருக்குப் போடலாமான்னு உன்னைக் கேக்காம நானே முடிவு பண்ணினேன். மறுபடியும், "பாருங்க, நான் எவ்வளவு வருத்தப்படுறேன்"னு ஊர் பார்க்க நானே போட்டா அதுவும் அதே புத்திதான். அதனால பாஸ்வேர்டை மாத்தி உனக்கு மட்டும் மெசேஜ்ல அனுப்பியிருக்கேன். அந்த மெசேஜையும் என் போன்ல இருந்து எடுத்துட்டேன், ஒரு காகிதத்துலகூட எழுதி வச்சுக்கலை, இனிமே என்னாலயே உள்ளே போக முடியாது. இதை அழிக்கலாம், மீதி அறுபத்திரெண்டையும் சேர்த்தே அழிக்கலாம், இல்லை எல்லாரும் படிக்கட்டும்னு போடலாம். உன் இஷ்டம். நான் இத்தோட நிறுத்திக்கிறேன்.

அம்மா

*

முழுசாப் படிச்சேன். எதையும் அழிக்கலை. இதை வெளியிடுறது நான்தான்.

அன்னைக்கு ஒன்பது மணியில இருந்து முதல் பீரியட் முடியற வரைக்கும் ஜன்னல் பக்கம் காதை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

கோபம் போகலை. சனிக்கிழமை வரேன். பேச நேரமாகும்.

பிரசன்னா